வாலில்லாத நாற்பது நாள்

கூட்டின் தரையில் பன்னிரண்டு இறகுகள்.
எண்ணியவள் ரெனிதா.
ரத்தமில்லை. கடித்த தடமில்லை.
யாரோ கழற்றி வைத்ததுபோல் கிடந்தது
சுண்டுவின் வால்.

பூனை என்றாள் லீலா.
போட்ட கொக்கி போட்டபடி இருக்கிறது.
பேன் என்றார் கீழ்வீட்டு பெள்ளியண்ணன்,
வேப்பெண்ணெய் தடவச் சொன்னார்.
போன வாரம் தினையை மாற்றினேனே, அதுவா?
உறைபனியா?
ஜன்னல் இடுக்கில் துணி அடைத்துத்தான் இருந்தது.

வால் போன காக்டெயிலுக்கு
உட்கார வரவில்லை.
கம்பில் இறங்கி, முன்னால் சாய்ந்து,
குடித்தவன்போல் ஒரு சுற்றுத் தள்ளாடி
தண்ணீர்க் கிண்ணத்துக்குள் விழுந்தது.
சிரித்தோம்.
இரண்டாம் முறை விழுந்தபோது
யாரும் சிரிக்கவில்லை.

கோத்தகிரி கால்நடை ஆஸ்பத்திரியில்
எங்களுக்கு முன்னால் இரண்டு கன்றுகள், ஓர் ஆடு.
ஓட்டை போட்ட செருப்புப் பெட்டியைத் திறந்து
சுண்டுவை ஒரு கையில் மல்லாத்தி
டாக்டரம்மா பின்பக்கம் ஊதிப் பார்த்தார்.
"சீக்கு இல்ல. ராத்திரி எதையோ பாத்து மிரண்டிருக்கு.
பிடிச்சவன் கையில வால் மிஞ்சும், உசுரு தப்பிச்சிரும்.
சில சமயம் யாரும் பிடிக்காமலே விட்டுரும்."
எதைப் பார்த்தது என்று
சீட்டில் எழுதவில்லை.

திரும்பும் பஸ்ஸில்
மூன்று வளைவு வரை பேசாமல் வந்த லீலா
ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்:
"செவ்வாக்கிழமை கரண்டு இல்ல.
நீங்க ரெண்டு மணிக்கு வந்தீங்க."

ஆமாம்.
ஃபாக்டரியில் ரோலர் ஷிஃப்ட் முடித்து வந்தேன்.
குரங்குக் குல்லா, முழங்காலுக்குக் கீழே மழைக்கோட்டு,
நெற்றியில் கட்டிய விளக்கு.
தூங்குகிறதா என்று
கூட்டுத் துணியைத் தூக்கிக் குனிந்தேன்.
ஆசையாகத்தான்.
உள்ளேயிருந்து பார்க்க
ஒற்றைக் கண். பெருமூச்சு.
வறுத்த தேயிலை வாடை.

அதன்பிறகு
தண்ணீர்த் தொட்டி முக்கிலேயே விசிலடித்துவிடுவேன்.
அரைத் தூக்கத்தில் பதில் வரும், பாதி ராகத்தில்.
குல்லாவைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டுதான்
கதவைத் தொடுவேன்.
பத்துப் பன்னிரண்டு நாளில்
பின்பக்கத்தில் வெள்ளை உறை போட்ட முனைகள்,
சீவாத பென்சில்கள் மாதிரி.
தொடாதே என்றேன் ரெனிதாவிடம். தொட்டாள்.

முப்பத்தோராம் இரவு.
முன்னால் நீட்டிய கை தெரியாத மஞ்சு.
விசிலுக்கு உதட்டைக் குவிக்கையில்
மஞ்சின் ஒரு பகுதி மூச்சு விட்டது.
காட்டெருமை.
அதன் சூடு என் முகத்தில் அடித்தது.

எப்படி வந்தேனோ.
வாசல்படியில் நிற்கும்போது
வலது காலில் செருப்பில்லை,
கையில் தூக்குவாளி இல்லை,
குல்லாவும் இல்லை.
விசிலடிக்கப் பார்த்தேன்,
வெறும் காற்றுதான் வந்தது.
இருட்டுக்குள்ளிருந்து
சுண்டு அடித்தது முதலில்.

தூக்குவாளியைக் காலையில் ரெனிதா எடுத்து வந்தாள்,
மூடி நசுங்கியிருந்தது.
இன்று நாற்பதாம் நாள்.
வால் முழுசாகிவிட்டது.
செருப்பு கிடைக்கவில்லை.