சுமைப் பக்கம்

நோயின் பெயரைச் சொன்னதும்
அவிநாசியப்பன் சிரித்துவிட்டார்.
"ஏனுங்க, இருவத்திரண்டு வருசமா
கணபதியில மோட்டாருக்குக் காயில் சுத்தறவனுக்கு
வேற பேருல ஒரு நோவு கெடைக்கலீங்களா?"
பக்கத்தில் கருணாம்பிகை சிரிக்கவில்லை.
அவர் சட்டைப் பொத்தானை
இப்போது அவள்தான் போட்டுவிடுகிறாள்.

வலது கட்டைவிரல் மேடு முதலில் வற்றியது.
பிறகு தோளில், தொடையில்
சட்டியில் சோளம் பொரிவதுபோல்
தோலுக்கடியில் ஓயாத துடிப்பு.
செம்புக் கம்பியைப் பிடித்தால்
பிடித்தது தெரியும்.
பிடிதான் இல்லை.

பாடப் புத்தகத்தில் கதை மேலிருந்து கீழ்:
தண்டுவடத்தில் நரம்பணு சாகும்,
செய்தி வராத தசை மெலியும்.
தசைக்கு அதில் வசனமே கிடையாது.
நானும் அப்படித்தான் படித்தேன்,
ஒன்பது வருடம் அப்படியே வகுப்பும் எடுத்தேன்.

பீளமேட்டில், மூன்றாம் மாடியில்,
ஆடிக் காற்று சன்னலை உலுக்கிய ஒரு காலையில்
அவர் தொடையிலிருந்து ஒரு துண்டு எடுத்தோம்,
புளியங்கொட்டை அளவு.
கையெழுத்து வராமல்
ஒப்புதல் தாளில் ரேகை வைத்தார்.
'இதனால் தங்களுக்கு நேரடிப் பயன் ஏதுமில்லை'
என்ற ஏழாம் பத்தியை
இரண்டு முறை வாசித்துக் காட்டினேன்.
"தெரியுமுங்க.
எரிஞ்ச மோட்டாரப் பிரிச்சுப் பாக்கறது
அந்த மோட்டாருக்காகவா?"

நஸ்ரின் அதைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்து
முடியை விட மெல்லிசாகச் சீவினாள்.
கட்டுவிரியன் இனத்துப் பாம்பின் நஞ்சில்
சாயம் கோத்துத் தடவினால்
நரம்பு தசையைத் தொடும் இடம் மட்டும்
சிவப்பாய் எரியும், கைமுறுக்கு வடிவில்.
முறுக்கு பல இடங்களில் நொறுங்கியிருந்தது.
நரம்பின் பச்சை நுனியோ
இன்னும் அதன்மேல் உட்கார்ந்திருந்தது.

யார் முதலில் கையை விட்டது?

தசையும் பேசும் என்று சந்தேகிப்பவர்கள் நாங்கள்.
நரம்புக்குத் தீனி அனுப்பும்,
ஒருவேளை நஞ்சும் அனுப்பும்,
அதே கம்பியில், எதிர்த்திசையில்.
'ஆர்வமூட்டுகிறது, ஆனால் போதாது' என்று
நிதிக்குழு இருமுறை திருப்பி அனுப்பிவிட்டது.

கார்த்திகையில் வந்தபோது அவர் நாக்கு குழறியது.
ஒவ்வொரு சொல்லையும் கருணாம்பிகை
திரும்பச் சொன்னாள்:
"எல்லாரும் கரண்டு மேலயே பழி போடுவாங்களாம்.
பாதி நேரம், பம்புல மண்ணு அடைச்சிருக்குமாம்.
சுத்தமாட்டாம இழுத்து இழுத்து
காயில் கருகிப் போயிருமாம்."
என் விண்ணப்பத்தின் மூன்று பக்கம் அது.
இதைச் சேர்த்துவிடலாமே என்றாள் நஸ்ரின்.
வேண்டாம் என்றேன்.
காயிலைத் திரும்பச் சுற்றலாம்.

அந்தத் துண்டில் ஒதுக்கி வைத்த சில அணுக்களைக்
கிண்ணத்தில் வளர்த்தோம்.
ஒன்றோடொன்று ஒட்டி, நீண்டு, நார் ஆகி,
எட்டாம் நாள் ஒன்று துடித்தது.
நரம்பு கிடையாது, கட்டளை கிடையாது,
முப்பத்தேழு டிகிரி வெதுவெதுப்பில்
தானாகவே, ஒரு முறை,
பிறகு நான் மூச்சை விடும்முன் இன்னொரு முறை.

சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன்.
"அசையுதுங்களா?" என்றாள் தொலைபேசியில்.
அவர் சுவாசக் கருவியின் சத்தம் கேட்டது.
"அசையுதுங்க."
"சொல்றேன் அவருகிட்ட."

இன்று அதன் பக்கத்தில்
யாரோ ஒருவரின் நோயில்லாத நரம்பணுக்களை வைத்தோம்.
மூன்று வாரம் எண்ண வேண்டும்.
என் கணக்கு சரியென்றால் அவை சாகும்.
அவை பிழைத்துக்கொண்டால்
அவர் தசைமேல் குற்றமில்லை,
எனக்கு ஆறு வருடம் போச்சு.

எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல்
மூடியின்மேல் தேதி எழுதினேன்.
கை லேசாக நடுங்கியது. என் கைதான்,
நல்ல கை.