பயிற்சிக் கடல்

ஏழாம் படியில் நிற்கிறார்கள்.
நாற்பத்தொரு பேர் தொடங்கினார்கள்.
முப்பத்தெட்டுப் பேர் ஏழில் நின்று
திரையை அணைத்துவிட்டுத் தூங்கப் போனார்கள்.
வரைபடத்தில் அது
மலையிலிருந்து தவறி விழுந்த கோடு.

ரெய்க்யாவிக்கில், கணப்பு எரியும் அறையில்
நான்தான் எழுதினேன் அந்தப் படியை:
‘மீனின் எடையை உள்ளிடவும்.
பின்பு அடுத்து என்பதைத் தொடவும்.’
இதைவிட எளிய வாக்கியம் உண்டா என்று
என்னை நானே மெச்சிக்கொண்டு
இரண்டாவது காபி குடித்தது நினைவிருக்கிறது.

போலுங்கார்விக் துறைமுகம். ஜனவரி.
மலைக்குப் பின்னால் போன சூரியன்
இன்னும் திரும்பவில்லை.
காலை பத்து மணிக்கு, கம்ப விளக்கின் அடியில்
ஹால்வார்துர் படகைக் கழுவிக்கொண்டிருந்தார்.
டேப்லெட்டை நீட்டினேன்.
கையுறையால் தொட்டார், திரை அசையவில்லை.
குனிந்து மூக்கால் தொட்டார். அசைந்தது.
என் கையேட்டில் மூக்கு எங்குமே இல்லை.

ஒன்று, இரண்டு, மூன்று...
நீல அம்பு முன்னால் போக
மூக்கு பின்னால் போனது.
ஏழில் நின்றது.

‘எந்த எடை?’
மீனின் எடை.
‘குடலோடா, குடல் எடுத்தா?’

கடற்பறவை ஒன்று எனக்காகக் கத்தியது.
படி என்றால் ஏறுவது, படி என்றால் வாசிப்பது,
படி என்றால் அளப்பதும்தான்.
ஏறவும் வாசிக்கவும் வழி செய்திருந்தேன்.

அன்றிரவு விடுதி அறையில்
இரண்டு மீன்கள் வரைந்தேன்,
ஒன்றுக்கு வயிறு மூடியிருந்தது,
மற்றது கிழித்துச் சுத்தமாக.
இரண்டில் ஒன்றைத் தொடும்வரை
அம்பு பொறுத்திருக்கும்.
பொத்தான்களை மூக்களவுக்குப் பெரிதாக்கினேன்.

இனி, பயிற்சிக் கடல்.
அதையும் நான்தான் உண்டாக்கினேன்.
‘உதாரணம்’ என்றொரு படகு,
காற்றில்லாத வானிலை,
உச்சியில் மஞ்சள் பட்டை:
‘இது பயிற்சி. எதுவும் பதிவாகாது.
நள்ளிரவில் எல்லாம் அழிந்துவிடும்.’

அங்கே எல்லாரும் விளையாடுகிறார்கள்.
ஒருவன் தொள்ளாயிரம் டன் காட் பிடித்தான்.
ஒருத்தி திமிங்கிலத்தை நிறுத்து
மூன்று கிலோ என்று போட்டாள்,
அதுவும் குடல் நீக்கி.
ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகாது,
ஏட்டு மீனை யார் கேட்கப்போகிறார்கள்.

ஒருவர் மட்டும்
இரவு பதினொன்று நாற்பதுக்கு வருகிறார்.
பயிற்சியை என்றைக்கோ முடித்தவர்,
‘மீண்டும் தொடங்கு’ என்பதைத் தொடுகிறார்.
சின்னச் சின்ன எண்கள்.
காட், பொடிசு, நாற்பது கிலோ.
குறிப்பு: திருப்பி எறிந்தோம்.
மறுநாள் அறுபத்தைந்து. எறிந்தோம்.
மூன்றாம் நாள் எடை இல்லை,
குறிப்பு மட்டும்:
‘பாதிக்கு மேல் செத்துப்போயிருந்தன, கோட்டா முடிந்துவிட்ட’

அறுபது எழுத்தோடு பெட்டி நின்றுவிட்டது.
அந்தப் பெட்டியை ஓர் அழகுக்காக வைத்திருந்தேன்.

உண்மைப் பதிவேட்டில் இதெல்லாம் இருக்காது.
யார் என்று பார்க்க இரண்டு சொடுக்கு போதும்.
யோருன் தொலைபேசியில் சொன்னாள்:
‘பயிற்சித் தரவு தரவே அல்ல.
மூன்று முறை முடித்தவருக்கு
ஒரு செய்தி காட்டேன்,
நீங்கள் தேர்ந்துவிட்டீர்கள், உண்மைப் பதிவேட்டுக்குப் போகலாமா, என்று.’

எழுதிப் பார்த்தேன்.
எளிய வாக்கியம்தான். இன்னும் எளிதாக்கினேன்.
அழித்தேன்.

பிறகு குறிப்புப் பெட்டியைத் திறந்து
அறுபதை அறுநூறாக மாற்றினேன்.
மாற்றத்துக்குக் காரணம் எழுதாமல்
கருவி என்னை விடாது.
எழுதினேன்: பயனர் வசதி.

மணி பதினொன்று முப்பத்தெட்டு.