ஒன்பதாம் அறை

பதினேழு வருஷம் பூட்டிக் கிடந்த கடைவீடு.
சாவி இருந்தது; பூட்டுதான் சாவியை மறந்துவிட்டது.
ஆ செங் கடப்பாரையால் நினைவுபடுத்தினார்.

ஜாலான் புசாரில் அன்றைக்கு மழை
வெளியே பத்து நிமிஷம் பெய்தது,
உள்ளே முக்கால் மணி நேரம்.

மாடிச் சுவரில் ஓர் அரசங்கன்று
செங்கல் இடுக்கில் கைவிட்டு
எதையோ தேடிக்கொண்டிருந்தது.
பிடுங்கினால் சுவரும் கூடவே வருமாம்.
எது எதைத் தாங்குகிறது என்று சொல்ல
பொறியாளர் எழுநூறு வெள்ளி கேட்டார்.

முகப்பில் கைவைக்கக் கூடாது. சட்டம்.
பின்னால் என்ன வேண்டுமானாலும் இடிக்கலாம்.
ஆறு அறை, ஆறு குளியலறை, ஆறு ஏர்கான்:
அண்ணன் கைப்பேசியில் பெருக்கிக்கொண்டே இருந்தான்.

பலகைத் தடுப்பை உரித்த அன்று
கரிக்கட்டை எழுத்து, தமிழில்:
கட்டில் 9. குழந்தைசாமி. பாக்கி நாலு வெள்ளி.
குறுக்கே கோடு இல்லை.

அப்பாவின் கை.
‘ழ’வின் வாலை அப்படி இழுப்பவர் அவர் ஒருவர்தான்.
“வாடகைக்காக நான் யாரையும் நெருக்கினதில்லை” என்பார்
சாப்பாட்டு மேசையில், மீன் முள்ளை ஒதுக்கியபடி.

முப்பத்தொன்று வரை கட்டில்களை எண்ணினேன்.
ஆறோடு நிறுத்திக்கொண்டோமே என்று
கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

வைரவேல் பெயின்ட் உருளையோடு நின்றான்.
“அடிச்சிடவா அக்கா?”
“அடி.”
மூன்று பூச்சு. நாலாவதுக்குக் காசு தனி.

சாயங்கால வெயில் கோணலாக விழும்போது
ஒன்பது மட்டும் மேலே வருகிறது.
அறை பார்க்க வந்த தாதி, ஜோசலின்,
அதைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள்,
முன்பணத்தை எண்ணிக் கையில் வைத்தாள்.
எனக்கு இந்த ஒன்பதாம் அறை போதும் என்றாள்.

இருப்பதே ஆறு.
ரசீதில் 9 என்று எழுதினேன்.