புகை விடுகிறவன்

கானாடுகாத்தானுக்குப் படம் எடுக்க வருகிறவர்கள்
கேமரா, கிரேன், கதாநாயகி எல்லாம்
சென்னையிலிருந்து கொண்டுவருவார்கள்.
புகை மட்டும் உள்ளூரில்.
அடைக்கலம், புகை மெஷின், செக்காலை ரோடு, காரைக்குடி.
கல்யாணத்துக்கும் உண்டு.
பேய் வர முக்கால் லிட்டர் போதும்.
மணப்பெண் வர ஒன்றரை ஆகும்.

பதினேழு வயதில் பிடித்தது.
இரண்டு அர்த்தத்திலும்தான்.
ஒரு நாளைக்குப் பதினான்கு.
தூரத்தைக்கூட அதில்தான் அளந்தேன்:
கோட்டையூருக்கு ஒரு சிகரெட்,
புதுவயலுக்கு இரண்டு,
நடுவில் கேட் மூடியிருந்தால் மூன்று.

போன ஆனியில் பள்ளத்தூரில் ஒரு கல்யாணம்.
வீடியோவில், தாலி ஏறும் நேரம்,
கெட்டிமேளத்துக்கும் மேலே
என் இருமல் கேட்கிறதாம்.
பாக்கியில் ஐநூறு பிடித்துக்கொண்டார்கள்.

தோஹாவிலிருந்து வந்த மச்சினன் சாத்தையா
சாக்ஸுக்குள் சுருட்டி ஒன்று கொண்டுவந்தான்.
விரல் நீளம். வெண்டைக்காய்ப் பச்சை.
நெருப்பு வேண்டாம், சாம்பல் இல்லை,
இழுத்தால் நுனியில் ஒரு நீல விளக்கு,
மாம்பழ வாசம்.
'இங்க இதுக்குத் தடை மச்சான்.
எவனும் கேட்டா புளூடூத்துனு சொல்லுங்க.
ஆறு மாசம் இதை இழுங்க,
அப்புறம் இதையும் விட்டுடலாம்.'
நீ விட்டாயா என்று நான் கேட்கவில்லை.
அவன் சட்டைப் பையிலும் நீலமாக ஒன்று மினுங்கியது.

குப்பியில் இருந்ததை மகள் எழுத்துக்கூட்டிப் படித்தாள்:
கிளிசரின்.
என் மெஷின் கேனிலும் அதே பெயர்.
இத்தனை வருஷம் மணப்பெண்களின் காலடியில் ஊற்றியதை
இப்போது நான் குடிக்கிறேன்.
பேய்க்கும் எனக்கும் ஒரே சரக்கு.

பொய் சொல்லக் கூடாது, இருமல் குறைந்தது.
மூன்று மாடி ஜெனரேட்டர் வயரைத்
தோளில் போட்டுக்கொண்டு ஏறினேன்.
சாம்பாரில் பெருங்காயம் இருக்கிறது என்று
நாற்பத்தொரு வயதில் தெரிந்துகொண்டேன்.
வள்ளிமயில் முகர்ந்து பார்த்துவிட்டு,
'பழைய நாத்தமே தேவலாம்.
இது யாரோ பொம்பளையோட சோப்பு மாதிரி இருக்கு'
என்று திரும்பிப் படுத்தாள்.

ஆனால் சிகரெட்டுக்கு ஒரு முடிவு உண்டு.
விரலைச் சுட்டு, போதும் போடா என்று சொல்லும்.
இது சொல்லாது.
வண்டியில், கக்கூஸில்,
தூக்கத்தில் புரளும்போதுகூட
தலையணைக்கு அடியில் கை போகிறது.
எத்தனை என்று டாக்டர் கேட்டால்
என்னவென்று சொல்ல?
கோட்டையூர் எவ்வளவு தூரம் என்று
இப்போது எனக்குத் தெரியாது.

'என்ன, ஆளையே காணோம். விட்டாச்சா?'
பெட்டிக்கடை பாவா கேட்டார்.
விட்டாச்சு என்றேன்.
வாயிலிருந்து மாம்பழம் வந்தது.

செவ்வந்தி ஆறாம் வகுப்பு.
சிகரெட் காலத்தில்
மூக்கைப் பொத்திக்கொண்டு 'போப்பா' என்று ஓடுவாள்.
நேற்று ராத்திரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.
உள்ளங்கையை நீட்டினாள்.
'மாம்பழம்தானேப்பா.
ஒரே ஒருவாட்டி.'

ஃபேன் சத்தம்.
நான் அதை எங்கே ஒளித்தேன் என்று
அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இன்று காலை முற்றத்தில் ஷாட்.
அது மெஷின் பெட்டியில், வயர்களுக்கு அடியில்.
விளக்கு சிவப்புக்கு வந்துவிட்டது.
சார்ஜரை வீட்டிலேயே விட்டுவிட்டேன்,
மறந்தா, வேண்டுமென்றா,
சரியாகச் சொல்லத் தெரியவில்லை.
மேக்கப் போட்ட பேய் ஒன்று
படியில் உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிறது.

வாக்கி டாக்கி கரகரத்தது:
'அடைக்கலண்ணே, புகையை விடுங்க.'

பட்டனில் கட்டைவிரல்.

'அண்ணே! விடுங்கண்ணே!'

வாயெல்லாம் எச்சில் ஊறிக்கொண்டு வந்தது.