சங்காடம், ஒன்பது துண்டுகள்

முதல் வரைவில் முப்பத்தொரு துண்டு.
ஒவ்வொன்றுக்கும் எண், ஓரத்தில் நிழல்,
பலகைக்குப் பலகை ஆணித்தலை.
ஆற்றுக்குக் குறுக்கே பாலம் வருமுன்
கொக்கிரகுளத்துக்கும் மீனாட்சிபுரத்துக்கும் நடுவே
ஆளையும் மாட்டையும் கடத்தியிருக்கக்கூடிய இரட்டைத் தோணி.
இரண்டு வள்ளம், மேலே ஒரு மூங்கில் தட்டு,
சேர்த்துக் கட்டினால் சங்காடம்.

பகலில் எனக்கு வீட்டுப் பிளான் வரைகிற வேலை:
பத்துக்குப் பத்து படுக்கையறை,
வாஸ்துப்படி கழிப்பறை.
தோணிக்குப் பிளான் எங்கேயும் அகப்படவில்லை.
நீளம் என் ஊகம். அகலம்,
ஒரு வண்டிமாடு மிரளாமல் நிற்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு.
சந்திப்பிள்ளையார் முக்கில் நின்ற மாட்டை
டேப் வைத்து அளந்தேன்.
மாட்டுக்காரர் பார்த்த பார்வையைத்
தாளில் எங்கும் சேர்க்க முடியவில்லை.

‘முதன்முதலாகச் செய்பவர்களுக்கு’ என்று
அட்டையில் பெரிதாகப் போட்டுவிட்டு
அப்படி ஒருவரைத் தேடினேன்.
கீழ்வீட்டு செய்யது மசூது அண்ணன்,
மேலப்பாளையத்தில் பரோட்டா போடுகிறவர்.
காகிதம் தொட்டுப் பழக்கம் உண்டா என்றேன்.
‘பார்சல் கட்டுதேனே, தங்கச்சி.’

மூன்று மில்லிமீட்டர் ஒட்டுநாக்கு
அவர் கட்டைவிரலுக்கடியில் காணாமல் போனது.
‘இத எறும்புக்கா செஞ்சிருக்க?’
நாக்கை ஏழாக்கினேன்.
ஆணித்தலைகளை அழித்தேன்.
இருபத்திரண்டு.

வயிற்றுத் துண்டை மாவை இழுப்பதுபோல்
இரண்டு பக்கமும் இழுத்தார். கிழிந்தது.
தாள் ஒரு வாட்டமாகத்தான் வளையும் அண்ணே,
குழாய் ஆகும், கிண்ணம் ஆகாது என்று
நான் அரைமணி நேரம் விளக்க,
அன்றைய தினசரியைச் சுருட்டிக் காட்டினார்:
‘இம்புட்டுதான?’
இம்புட்டுதான்.
பதினாறு.

மூன்றாம் வெள்ளி, ஜும்ஆ முடிந்து வந்தவர்
பின்பக்கத் துண்டுகளைத் தொலைத்திருந்தார்.
பாத்திமுத்து அக்கா அடுப்புப் பற்றவைத்திருக்கலாம்.
அவர் மனம் தளரவில்லை.
வேறொரு பிரதியிலிருந்து முன்மூக்கை வெட்டிப்
பின்னாலும் ஒட்டியிருந்தார்.

தப்பு, என்றேன்.
‘என்ன தப்பு? இது எங்க போவுது?’
அக்கரைக்கு.
‘பொறவு?’
இக்கரைக்கு.
‘மாட்ட ஏத்திக்கிட்டு நட்டாத்துல வச்சுத் திருப்புவானா?’

பதில் சொல்லாமல் மாடியேறினேன்.
அன்றிரவு ‘பின்’ என்று எழுதிய துண்டையெல்லாம்
ஒவ்வொன்றாக நீக்கினேன்.
ஒரே வடிவில் நான்கு நுனி,
வயிறு இரண்டு, குறுக்கு மூங்கில் இரண்டு,
தட்டு ஒன்று.
எந்த நுனியை எங்கே ஒட்டினாலும் தப்பாகாது.

பிறகு அந்த மார்கழி.
வண்ணார்பேட்டையில் எங்கள் தெருவுக்குள் ஆறு.
கீழ்வீட்டில் கழுத்துவரை.
அண்ணன் குடும்பத்தில் ஏழு பேர்
என் வரைமேசையைச் சுற்றி இரண்டு ராத்திரி.
மூன்றாம் நாள் கடல்புறத்திலிருந்து
லாரியில் ஏற்றி வந்த ஃபைபர் படகு
டிரான்ஸ்பார்மருக்கும் டீக்கடை போர்டுக்கும் இடையில் புகுந்து
மாடிப்படியில் முட்டி நின்றது.

அவருடைய அலமாரி மேல் இருந்த சங்காடம்
பிறகு கிடைக்கவில்லை.
தண்ணீரில் காகிதம் என்ன செய்யுமோ
அதைச் செய்திருக்கும்.

தை மாதம், சுவரெல்லாம் இன்னும் ஈரம்,
புதுத் தாளை விரித்துவைத்துப் பார்த்தார்.
‘எல்லாம் சரி. வெளிம்பு இல்லியே.’
எதற்கு, என்றேன்.
படகில் உட்கார்ந்த அன்று எப்படிப் பிடித்தாரோ
அப்படியே விரல்களை மடக்கிக் காட்டினார்.

இப்போது தாளில் கடைசி வரி இது:
வயிற்றின் மேலோரத்தை
உள்பக்கமாக ஒருமுறை மடிக்கவும்.
பழைய தோணியில் இது இருந்ததா, தெரியாது.
கை வைக்க.