கீழிறங்கும் கோடு

இருபத்தாறு நாடுகளின் குப்பையை
ஒரே தாளில் வரைகிறேன்.
காங்ஸ்விங்கரில் பனி. ரேடியேட்டர் மட்டும் முணுமுணுக்கிறது.

எங்கள் கோடு நீலம்.
என் மகள் பிறந்த ஆண்டில் ஏறத் தொடங்கி
அவள் வீட்டைவிட்டுப் போன ஆண்டில் உச்சி தொட்டு
பிறகு, சொன்னபடி கேட்கும் பிள்ளைபோல்,
இறங்குகிறது.
அமைச்சகத்திலிருந்து கேக் வந்தது,
பெட்டிக்குள் பெட்டியில்.

ஒரு கோடு விழுந்தால்
வேறொன்று எழ வேண்டுமே என்று தேடினேன்.
எழவில்லை.
எடைமேடை இல்லாத ஊர்களுக்கு
அட்டவணையில் ஒரு சிறுகோடுதான்:
தரவு இல்லை.

அதானாவிலிருந்து ஜெவ்தெத் படம் அனுப்பியிருந்தான்.
ஆரஞ்சுத் தோப்போரம் பாதி எரிந்த பிளாஸ்டிக் குவியல்;
உச்சியில் ஒரு பாலாடைக்கட்டி உறை,
எங்கள் தெருக்கடையின் விலைச்சீட்டு கிழியாமல்.
“இது உங்கள் கணக்கா, எங்கள் கணக்கா?”

நான்கு நாளாகப் பதில் எழுதவில்லை.

நீலக்கோட்டுக்குக் கீழே
அடிக்குறிப்பு ஒன்று சேர்த்தேன்,
எழுத்தளவு ஆறு.
மேலாளர் குன்வோர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி மாட்டிக்கொண்டு
“இதற்கு இங்கே இடமில்லை” என்றாள்.

இடமில்லை என்றுதானே
கப்பலில் ஏற்றினோம்.