வலக்கால் மிதி

மூன்று நாளாக இதே கதை.
இடப்பக்கமிருந்து கிளம்பும் நாடா
சொன்ன பேச்சைக் கேட்டுப் போய்ச் சேரும்.
வலப்பக்கமிருந்து திரும்பும்போது மட்டும்
பாவுக்குள் மூழ்கி, நாலைந்து இழையைத் தின்று
துள்ளித் தரையில் விழும்.
தார்க்குச்சி கழன்று கட்டிலுக்கடியில் ஓடும்,
பின்னாலேயே அரக்கு நூல்.

தறி எனக்குப் புதிது. தறிக்கு நான் புதிது.
செக்காலை லிங்கையாவிடம் பதினோராயிரத்துக்கு வாங்கி
குட்டியானையில் ஏற்றி
கழனிவாசல் வரை கயிற்றைப் பிடித்தபடி வந்தேன்.
அவர் ஜக்காடு போட்ட பெரிய தறிக்கு மாறியிருந்தார்.
"இது சாது, கோபப்படத் தெரியாது" என்றார்.

முதலில் நாடாவைச் சந்தேகப்பட்டேன்.
மூக்கைத் தடவினேன், சொரசொரப்பு இல்லை.
இருந்தும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், பாவம்.
அப்புறம் கஞ்சி.
ஐப்பசி ஈரத்தில் இழைகள் ஒன்றையொன்று கட்டிக்கொள்ளும் என்று
கரியடுப்பைப் பாவுக்குக் கீழே நகர்த்தினேன்.
வீடு சூடானது. நாடா விழுந்தது.
மறுநாள் அச்சுப் பல்லை ஒவ்வொன்றாய்
ஊசி முனையால் எண்ணிக்கொண்டு போனேன்;
அறுநூற்றுச் சொச்சத்தில் கரண்ட் போய்
எண்ணிக்கையும் போனது.
விழுதில் முடிச்சு, பார்த்தாயிற்று.
தறிக்கால் நான்குக்கும் ரசமட்டம், பார்த்தாயிற்று.
கடுகு மஞ்சள் கட்டம் மட்டும்
ஒரு பக்கம் சாய்ந்து சிரித்தது.
வெள்ளிக்கிழமைக்குக் கண்டாங்கி கைக்கு வர வேண்டும் என்று
சங்கத்திலிருந்து சௌந்தரி இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டாள்.

மூன்றாம் இரவு குழிக்குள் இறங்கினேன்,
காலை மட்டுமில்லை, முழு ஆளாக.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
வல மிதியைக் கையால் அழுத்தினேன்.
பாவு பாதி வாய்தான் திறந்தது,
பல்வலிக்காரன் டாக்டரிடம் காட்டுவதுபோல.
மிதிக்கயிறு இரண்டும் ஒரே நீளம்.
அது எனக்கே தெரியும், சமமாக்கியது நான்தான்.
லிங்கையா ஒன்றை நீட்டியும் ஒன்றைக் குறுக்கியும் கட்டியிருந்தார்.
கோணல் வேலை என்று அவிழ்த்து
சாண் போட்டு அளந்து முடிந்தேன்.

தடவிப் பார்த்ததில்
வல மிதியின் பின்கட்டைக்கு அடியில்
சணல் சுற்றி இறுக்கிய ஏதோ ஒன்று.
அவிழ்த்தால்
ஆத்தங்குடி ஓட்டுச் சில்லு.
பச்சைப் பூவில் ஒன்றரை இதழ்,
எண்ணெய் குடித்து மங்கியிருந்தது.

விடியக் காத்திருந்து போன் போட்டேன்.
"அதுவா" என்றார்.
"எனக்கு வலக்கால் ஒண்ணரை அங்குலம் கட்டைங்க.
மிதி கொஞ்சம் மேல வந்தாத்தானே எட்டும்."

நான் அவர் நடந்து பார்த்ததே இல்லை.
விலை பேசியபோது குழியில் காலைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.
பணம் எண்ணியதும் உட்கார்ந்தே.
எழுந்து வழியனுப்பாததைக்
கொஞ்சம் திமிர் என்று நினைத்தேன்.

போனில் ஒரு இருமல். அப்புறம்,
"அந்தச் சில்லு உடையலையே?
புதுத்தறியில மரத்துண்டு வெச்சேன், நழுவுது.
ரப்பர் வெச்சேன், அமுங்குது.
ஒரு மாசமா கால் சேரலை."

சில்லு போனதும் மிதி தணிந்தது, கயிறு விறைத்தது,
பாவு முழு வாயும் திறந்தது.
நாடா போனது. வந்தது.
சும்மா இன்னும் இருபது தடவை ஓட்டிப் பார்த்தேன்.
இழை தின்ற ஒரு சாண் அப்படியே இருக்கிறது;
இடுப்பில் செருகும் பக்கம், யார் பார்க்கப்போகிறார்கள்.
சௌந்தரி பார்ப்பாள்.
பார்க்கட்டும்.

மதியம் சில்லை ஈரத்துணியில் துடைத்து
முந்தானையில் முடிந்துகொண்டு செக்காலைக்குப் போனேன்.
என்னைக் கண்டதும் அவர்
தறிக்கம்பத்தைப் பிடித்து எழுந்து
ஒரு எட்டு ஆழமாகவும் ஒரு எட்டு மேலாகவும் வைத்து
வாசல்வரை வந்து வாங்கிக்கொண்டார்.
திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பூ மேல இருந்துச்சா, கீழ இருந்துச்சா?"

எனக்கு நினைவில்லை.